கலத்தைக் கரையேற்றிய கைவினை

கடலிற் செல்லுங் கலத்தைப்பற்றி எழுதினோர் பலர். கரையிற் கிடக்குங் கலத்தைப்பற்றி எழுதினோர் மிகச் சிலர். ஆயினும், நம் கீழ்கடற்கரையிலே பிறந்த ஒரு சிறு பாய்மரக் கலத்தின் வாழ்நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போமாயின், அது நீரில் மிதந்த நேரத்தினும் மணலிற் கிடந்த நேரமே மிகுதியென்பது புலனாகும். விடியுமுன் கடலிற் றள்ளப்பட்டு, காற்று மாறியபின் மீண்டு, மறுநாள் விடியுமட்டும் அது கரையிலேயே தங்கும். ஆகவே நாள்தோறும் அக்கலத்திற்கு இருபெருஞ் சோதனைகள் உள. ஒன்று அலையைக் கடந்து இறங்குதல். மற்றொன்று அலையைக் கடந்து ஏறுதல். இவற்றுள் பின்னதே கடினமானது. இறங்கும்போது கலம் வறிது. மக்கள் இளைப்பின்றி இருப்பர். ஏறும்போதோ மரம் நீருண்டு கனத்திருக்கும், வலை நனைந்திருக்கும், துடுப்புப் பிடித்த கை சோர்ந்திருக்கும். ஓர் ஊரார் எவ்வளவு பெரிய கலத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதை அளவிட்டது கடலன்று. அதனைக் கரையில் ஏற்ற வல்ல தோள்களும் கருவிகளுமேயாம்.

நம் முன்னோர் கலத்தை முதலிற் கட்டிவிட்டுப் பின்னர் அதனைக் கரையேற்ற வழி தேடினாரல்லர். கரையேற்றும் வழியை முன்வைத்தே கலத்தைக் கட்டினர். அதற்கு வேண்டிய துணைக்கருவிகளைப் பிறரிடம் விலைக்கு வாங்காது, தம்மூர்ப் பனையாலும் கயிற்றாலும் தாமே செய்துகொண்டனர். அக்கருவிகள் இயங்குதற்கு இன்றியமையாததாய மணற்பரப்பே நம் குலத்தாரின் முதற்பெருஞ் சொத்து. இம்மூன்றனையும் சரித்திர வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகமில்லாக் கரை

நம் சோழமண்டலக் கரையின் இயல்பை முதலில் உணர்தல் வேண்டும். மேலைக் கடற்கரையில் உள்ளதுபோல் ஆழ்ந்த கழிகளும் குடாக்களும் இங்கே பல இல்லை. பெரும்பாலும் நேர்கோடாய்க் கிடக்கும் மணற்கரையே உள்ளது. கரைக்கு அணித்தாகவே அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து உடையும். ஆற்றுமுகங்கள் இருப்பினும், அவை ஆண்டிற் பல திங்கள் மணலால் அடைபட்டுக் கிடக்கும். ஆற்றுமுகம் வாய்த்த காவிரிப்பூம்பட்டினம் போன்ற இடங்களிலே கலங்களைக் கட்டிவைத்தல் கூடும். உப்பு விற்று நெல்லேற்றி வந்த படகுகள், பந்தியிற் கட்டிய குதிரைகள்போல் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தமையைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. ஆற்றுமுகமில்லாச் சிற்றூரார்க்கு அவ்வாய்ப்பில்லை. அவர்க்குக் கலத்தைக் கட்டிவைக்குந் தறி இல்லை. தூக்கிவைக்கும் மணலே உண்டு.

ஐரோப்பிய வணிகர் இக்கரையில் வந்திறங்கிய காலத்தும் இந்நிலையே இருந்தது. தேனிஷ்காரர் 1620-இல் தரங்கம்பாடியிலும், ஆங்கிலேயர் 1639-இல் சென்னையிலும் இடம்பெற்றனர். இரண்டும் துறைமுகமில்லா ஊர்கள். அவர்தம் பெருங்கப்பல்கள் கரைக்கு வரமாட்டாது தொலைவிலே நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் மனிதரும் நம்மவர் படகுகளிலேயே கரையேறவேண்டியிருந்தது. சென்னையில் 1861-இல் இரும்புக்காலின்மேல் அமைந்த இறங்குபாலம் ஒன்று கட்டப்பட்டது. 1875-ஆம் வருஷக் கடைசியிலே துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-இல் அடித்த பெரும்புயலில் அத்துறைமுகத்தின் கட்டடம் பெரிதும் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. அதுவரை ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள், ஒரு பெரிய மாகாணத்தின் வணிகமெல்லாம் நம் குலத்தாரின் கரையேற்றுந் திறத்தை நம்பியே நடந்தது என்பது மறத்தற்குரியதன்று.

அவிழ்த்துத் தூக்குங் கலம்

கரையேற்றுதலாகிய வினாவிற்கு நம்மவர் கண்ட விடைகளுள் தலையாயது கட்டுமரம். அதன் பெயரே அதன் இலக்கணம். ஆணியும் பலகையும் வேண்டாது, இலேசான மென்மரத் துண்டுகளை ஒன்றோடொன்று அணைத்து, இரு தலையிலும் கயிற்றாற் பிணித்துச் செய்வது. சிறியதற்கு மூன்று மரங்கள் போதும்; பெரியதற்கு ஐந்தும் ஏழும் சேர்ப்பர். நடுமரம் சற்றே தாழ்ந்தும் பக்கமரங்கள் உயர்ந்தும் நிற்குமாறு செதுக்குதலால், அலை மேலேறினும் நீர் இடுக்குகளின் வழியே ஒழுகிப்போம். ஆதலின் இது நீர் நிறைந்து மூழ்கும் கலமன்று.

கட்டுமரத்தின் பெருமையை எழுதியோர் பலரும் அது மூழ்காமையையே வியந்தனர். அதனினும் வியக்கத்தக்கது அதன் அவிழுந்தன்மை. கரைக்கு வந்தவுடன் பாயையும் பாய்மரத்தையும் அடப்புப்பலகையையும் கழற்றுவர். பின்னர்த் தலைக்கட்டையும் கடைக்கட்டையும் அவிழ்ப்பர். உடனே ஒரு கலம் மூன்று அல்லது நான்கு தனிமரங்களாகிவிடும். ஒவ்வொரு மரத்தையும் இருவர் தோளிற் சுமந்து மேட்டிற் சேர்ப்பர். பத்துப்பேர் சேர்ந்தும் அசைக்க அரிதாய சுமையை, நால்வர் இருமுறை நடந்தே ஏற்றிவிடுவர். சுமையைக் குறைக்க இயலாதவிடத்துச் சுமையைப் பகுத்தல் என்னும் உபாயம் இது.

இதனாற் பிறிதொரு பயனும் உண்டு. மென்மரம் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய மரம் கனக்கும், மிதப்புக் குறையும். தனித்தனியே பிரித்து வெயிலிற் கிடத்தினால் மரத்தின் எல்லாப் பக்கமும் உலரும். மறுநாள் கட்டும்போது அது மீண்டும் இலேசாகும். ஆகவே அவிழ்த்தலும் உலர்த்தலும் கட்டுதலும் கட்டுமரத்தின் நித்திய கருமங்கள். அக்கயிறே அதனைக் கரையேற்றுங் கருவியும் ஆயிற்று. கட்டுந்தொழிலைக் கற்ற சிறுவனுக்கு வேறு வண்டியும் வேண்டா, உருளையும் வேண்டா.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் பெரிப்ளூஸ் என்னும் யவன நூல், இக்கரையிலே மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கர’ என்னுங் கலங்களைக் குறிக்கின்றது. 1697-இல் வெளிவந்த தம் யாத்திரை நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி கட்டுமரத்தை நம் பெயராலேயே எழுதினார். இன்று உலகெங்கும் இரட்டையுடற் படகுகளுக்கு வழங்கும் ‘கட்டமரான்’ என்னும் ஆங்கிலப் பெயர் நம் சொல்லின் திரிபே. பெயரைக் கொண்டவர்கள் பொருளைக் கொண்டாரல்லர்; அவர்தம் கட்டமரானை மாலையில் அவிழ்த்துத் தோளிற் சுமந்து வீடு செல்ல முடியாது.

வளைந்துகொடுக்குங் கலம்

சரக்கையும் பிரயாணிகளையும் ஏற்றுதற்குக் கட்டுமரம் போதாது. அதற்கு ஏற்பட்டது மசூலாப்படகு. இதற்கு விலாவெலும்புபோன்ற உட்சட்டங்கள் இல்லை, இரும்பாணியும் இல்லை. பலகைகளைத் துளையிட்டு, இடையே வைக்கோல் முதலியவற்றைத் திணித்து, தென்னங்கயிற்றால் தைப்பர். 1834-இல் நம் நாட்டுக் கலங்களைப்பற்றி விரிவாக எழுதிய ஜான் எடை என்னுங் கப்பற்றச்சரும், 1920-இல் இந்தியப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் சென்னை மீன்துறைத் தலைவரும் இத்தகைய கலங்களை ஊன்றி நோக்கினர்.

அலையோடு வந்து கலம் மணலில் மோதும் கணத்திலே, ஆணியடித்த கலம் அம்மோதலை முழுதும் தன் உடம்பிலே தாங்கும். பலகை பிளக்கும், ஆணி பெயரும். தைத்த கலமோ வளைந்துகொடுக்கும். மோதலின் வேகம் நூறு தையல்களிற் பரந்து தணியும். அடுத்த அலை வந்து அடியில் நுழையுங்கால், அவ்வலையே அதனை மேலும் சிலவடி தூக்கிவைக்கும். அக்கணத்தில் மக்கள் நீரிற் குதித்துக் கயிற்றைப் பற்றி இழுப்பர். அலை பின்வாங்கும்போது பிடித்து நிற்பதும், வரும்போது இழுப்பதும் இவர்தம் முறை. கடலோடு எதிர்த்து இழுக்காது, கடலையே ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டு இழுத்தனர் என்க.

உருளையும் படுகட்டையும் காவுதடியும்

வள்ளம், வத்தை முதலிய பலகைக்கலங்களை அவிழ்த்தலும் இயலாது. அவை தையற்படகுபோல் வளைவனவுமல்ல. இவற்றுக்கே துணைக்கருவிகள் தேவையாயின. அவற்றுள் எளியது உருளை. பனந்துண்டையேனும் சவுக்குத்துண்டையேனும் உருண்டையாய்ச் சீவி, படகின் அடியிற் குறுக்கே வைப்பர். சவுக்கு நம் கரைக்குப் புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பயிராக்கப்பட்டது. அதற்கு முன் பனையே நமக்கு உற்ற துணை.

உருளையின் இயக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. படகு இருபது அடி முன்செல்லுங்கால், அதனடியிலுள்ள உருளை பத்தடியே முன்செல்லும். ஆகவே உருளை மெல்லமெல்லப் பின்தங்கிப் பின்முனையில் வெளிப்படும். அதனை எடுத்துக்கொண்டு ஓடி முன்முனையில் வைக்க ஒருவன் வேண்டும். இப்பணி பெரும்பாலும் சிறுவர்க்குரியது. மூன்று உருளைகளுக்குக் குறைந்தால் படகு தலைகுப்புறச் சாயும். நான்கு இருப்பின் நலம். உதிர்மணலில் உருளை புதைந்து உருளாது நிற்குமாதலின், அதற்கடியில் நீளவாட்டில் இரு பலகைகளை இடுவர். பலகையிட்ட உருளை சக்கரத்தை ஒக்கும். பலகையில்லா உருளை வெறும் மண்வெட்டியை ஒக்கும்.

இரண்டாவது, உருளாத கட்டை. குறுக்கே படுத்துக் கிடப்பதால் இதனைப் படுகட்டை என்று ஈண்டுக் குறிப்போம். பனையைப் பிளந்து, மேற்பக்கத்தை வழவழப்பாய்ச் சீவி, மணலில் இரண்டு மூன்றடிக்கு ஒன்றாகப் பதிப்பர். அதன்மேல் மீனெண்ணெய் பூசுவர். சுறாவின் ஈரலிலிருந்து இறக்கிய எண்ணெய் படகின் மரத்துக்கும் காப்பு, கட்டைக்கும் வழுக்கு. செங்குத்தான கரையில் உருளை கைமீறிப் பின்னோடி ஆட்களை அடித்தல் கூடும். படுகட்டையில் அவ்வச்சம் குறைவு.

மூன்றாவது காவுதடி. படகின் இருமுனையிலும் கயிற்று வளையமிட்டு, அதனூடே உறுதியான தடியைச் செருகி, இருபுறமும் தோள்கொடுத்துத் தூக்குவர். சுமை தோள்தோறும் ஒப்பப் பரவும். மணலில் இழுபடாமையின் அடிப்பலகை தேயாது. நான்காவது, கருவியே இல்லாத ஓர் உபாயம். படகின் ஒரு முனையைக் கட்டையின்மேல் நிறுத்தி, மறுமுனைக்கு முதுகுகொடுத்துத் தூக்கி, அரைவட்டமாய்த் திருப்புவர். பின்பு அம்முனையை ஊன்றி மற்றதைத் திருப்புவர். இவ்வாறு மாறிமாறித் திருப்ப, படகு கால்மாற்றி நடப்பதுபோல் மேலேறும். ஆள் குறைந்த நாளில் இதுவே கைகொடுக்கும்.

‘ஐலசா’ என்று ஒருவர் முன்சொல்ல மற்றவர் ஒருங்கே இழுத்தலும் இக்கருவிகளுள் ஒன்றாகவே எண்ணத்தக்கது. கிடக்கும் பொருளை அசைத்தற்கு வேண்டும் வலி, அசைந்த பொருளை நகர்த்தற்கு வேண்டும் வலியினும் மிகுதி என்பது இயற்பியல் விதி. எட்டுப்பேர் எட்டு வேறு கணங்களில் இழுத்தால் படகு அசையாது. ஒரே கணத்தில் இழுத்தால் அசையும். அசைந்தபின் நிற்கவிடாது தொடர்தலே முறை. அக்குரல் களைப்பாற்றும் விளையாட்டன்று. எட்டுத் தோளை ஒரு தோளாக்குங் கயிறு.

இதனைக் கணக்கால் விளக்குவாம். படகின் எடை 300 கிலோ என்க. பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவிலே, சரிவினால் மட்டும் தோன்றும் எதிர்ப்பு ஏறத்தாழ 30 கிலோவே. ஆனால் உலர்மணலில் அடிமரம் உராய்வதால் தோன்றும் எதிர்ப்பு, எடையிற் பாதியளவு வரை, அதாவது 150 கிலோ ஆதல் கூடும். ஆகவே நமக்குப் பகை மேடன்று, உராய்வே. பலகையிட்ட உருளையால் அவ்வுராய்வு 30 கிலோவாகக் குறையுமாயின், மொத்தம் 180 கிலோவாயிருந்த வலி 60 ஆகின்றது. ஏழுபேர் செய்த வேலையை மூவர் செய்வர். கரையில் ஈரமணலின் மேலேயே படகை இழுத்துச்செல்லும் வழக்கமும் இக்கருத்துப்பற்றியதே. அளவான ஈரமுள்ள மணலில் இழுவைவலி உலர்மணலில் உள்ளதிற் பாதியாகக் குறையுமென ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் 2014-இல் சோதித்து வெளியிட்டனர். எகிப்து தேசத்தார் பெருஞ்சிலையை இழுக்குங்கால் சறுக்குவண்டியின் முன் நீரூற்றுவதாகத் தீட்டிய பழஞ்சித்திரத்தின் பொருள் அதனால் விளங்கிற்று. எழுத்தறியாத நம் முதியோர் இதனைக் காலடியாலேயே அறிந்திருந்தனர்.

பிறநாட்டார் கண்ட வழிகள்

இவ்வித்தை நமக்கே உரியதென்று தருக்குதல் தகாது. கிரேக்க நாட்டிலே கொரிந்த் என்னும் நிலவிடுக்கின் குறுக்கே, கி.மு. 600-ஐ ஒட்டிக் கல்பாவிய இழுவைப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. கப்பல்கள் ஒரு கடலினின்று மறுகடலுக்கு நிலத்தின் வழியே அதில் இழுத்துச் செல்லப்பட்டன. 1453-ஆம் வருஷம் ஏப்ரல் திங்களில் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், கொழுப்புப் பூசிய கட்டைகளின்மேல் தம் போர்க்கலங்களை மேட்டுநிலத்தைக் கடத்தி இழுப்பித்து, கான்ஸ்டாண்டிநோபிளின் உட்குடாவில் இறக்கினார். ஒரு பேரரசின் தலைநகர் வீழ்ந்ததற்கு அவ்வெண்ணெய்க் கட்டைகளும் ஒரு காரணமாயின. போர்ச்சுகல் நாட்டு நசாரே என்னும் மீனவர் ஊரிலே எருதுகளைப் பூட்டிப் படகை ஏற்றினர். இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில், நம் எண்ணெய்ச் செக்கினை ஒத்த நிலையுருளையிற் கயிற்றைச் சுற்றி, குதிரைகளைக் கொண்டு திருப்பிப் படகை இழுத்தனர்.

செக்கும் எருதும் நம் நாட்டில் இல்லாதவையல்ல. ஆயினும் அவை நம் கரையிற் படகேற்றப் பெருவழக்காகாமைக்குக் காரணம் தெளிவு. நம் கலங்கள் சிறியன, இலேசாயின, கரையிலோ ஆட்கள் நிறைய இருந்தனர். கைகொடுத்தவர்க்குச் சிறிது மீன் கொடுத்தல் கரையூர் வழக்கு. அதனால் வலையில்லா ஏழையும் வெறுங்கையோடு வீடு செல்லவில்லை. ஒரு குதிரை செய்யும் வேலையைப் பத்துக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்த முறை அது.

கையாற் செய்யுஞ் சக்கரவண்டி

இனி, ஆள் குறைந்த இக்காலத்திற்கு ஏற்ற ஒரு கருவியைக் கூறுவாம். சிறு பாய்ப்படகை ஒருவரோ இருவரோ கரையேற்றற்கு இருசக்கர வண்டியே தக்கது. அதனை எந்த ஊரிலும் தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்யலாம். முதலாவது, படகின் சமநிலையிடத்தை அறிதல் வேண்டும். ஓர் உருளையைப் படகின் நடுவே குறுக்காக வைத்து முன்னும் பின்னும் நகர்த்துக. எவ்விடத்தில் இருமுனையும் தராசுத்தட்டுப்போல் ஊசலாடுகின்றதோ அதுவே சமநிலை. சக்கரத்தின் அச்சு அதற்கு நேர்கீழே வரல்வேண்டும். சற்றே பின்வாங்கினால் முன்முனை கைக்கு இலேசாய்க் கனக்கும். அதுவும் நன்று, வண்டி துள்ளாது.

இரண்டாவது, தொட்டில். படகின் அடிவளைவுக்கு ஒப்ப இரு மரத்துண்டுகளைச் செதுக்கி அச்சின்மேற் பொருத்துக. பழைய கயிற்றையோ கிழிந்த ரப்பரையோ அதன்மேற் சுற்றுக. வெறும் மரம் படகின் வயிற்றை அறுக்கும். மூன்றாவது, சக்கரம். மாட்டுவண்டிச் சக்கரம்போல் குறுகியதாயின் மணலிற் புதையும். அகன்ற காற்றுச்சக்கரமே வேண்டும்; காற்றைச் சிறிது குறைத்துவிடின் அது தட்டையாய்ப் பரந்து மணலை அமிழ்த்தாது செல்லும். தொடுமிடம் இருமடங்காயின் மணலின்மேல் அழுத்தம் பாதியாகும் என்பதே இதன் சூத்திரம். நான்காவது, வண்டியைப் படகினடியில் நுழைக்கும் வேளை. படகு முழங்கால் நீரில் மிதக்கும்போதே நுழைத்துக் கட்டிவிடுக. நீர் தூக்கித்தரும் சுமையை நாம் தூக்க வேண்டுவதில்லை. கரையேறியபின் அச்சை நன்னீராற் கழுவி மசகிடாவிடின், உப்பு அதனை விரைவிலே தின்றுவிடும்.

செங்குத்தான கரையாயின் கப்பியைத் துணைக்கொள்க. மேட்டில் மூன்றடி ஆழத்துக் குழிதோண்டி, ஒரு மரத்தைக் குறுக்காகப் புதைத்து, அதில் ஒரு கப்பியைக் கட்டுக. நட்ட தறி பெயரும். கிடத்திப் புதைத்த மரம் மேலுள்ள மணலின் பாரத்தாற் பெயராது. நான்கு மடிப்பாய்க் கயிறோடும் இரட்டைக் கப்பிகளால், கப்பியின் உராய்வு நீங்கலாக, வலி நாலில் ஒன்றாகக் குறையும். ஆனால் படகு பத்தடி ஏறக் கயிறு நாற்பதடி இழுக்கவேண்டும். வலியில் மிச்சம் பிடித்ததைப் பொழுதிற் செலவிடுகின்றோம். இயற்கை எவர்க்கும் இலவசமாக ஒன்றுந் தருவதில்லை.

புதுக்கலமும் குறையுங் கரையும்

1979-இல் தொடங்கிய உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டத்தார், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, மணலில் ஏறத்தக்க புதிய படகுகளை வகுத்தனர். படகு தரைதட்டுங்கால் எஞ்சினும் சுழலியும் மேலே தூக்கிக்கொள்ளுமாறு அமைத்தது அவர்தம் சிறப்பு. படகைக் கரைக்கு இழுக்குங் கருவிகளையும் சோதித்து 1986-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்துக் கலங்களை அழித்தபின், உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. அவை விரைவில் உலர்வன, நீரை உறிஞ்சா, மிகுதொலை செல்வன. ஆயின் அவற்றை அவிழ்த்துத் தோளிற் சுமக்க முடியாது. இன்று பல ஊர்களிலே டிராக்டர் வந்து இழுக்கின்றது. அதற்குக் கூலி உண்டு. எண்ணெய்ச் செலவு உண்டு. முன்பு மீனாய்ப் பகிரப்பட்டது இன்று பணமாய் வெளிச்செல்கின்றது. இதனைப் பழிக்கின்றோமல்லேம். முதுகொடிய உழைத்தவர்க்கு இயந்திரம் ஓர் இளைப்பாறலே. பெற்றதோடு இழந்ததையும் கணக்கில் எழுதுதல் சரித்திரமெழுதுவோர் கடமை.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உளது. உருளையாயினும் வண்டியாயினும் டிராக்டராயினும் இயங்குதற்கு மணல் வேண்டும். நம் கரையிலே மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் இயல்பினது. சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர் அதனைத் தடுத்தமையால், தெற்கே மணல் குவிந்து மெரீனாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர்வரை கடல் கரையைத் தின்றது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின்மேல் எந்தக் கலத்தையும் ஏற்றமுடியாது. ஆங்கிலேயரைத் தோளிற் சுமந்து கரையேற்றிய ஊரார்க்கு, அவர் கட்டிய துறைமுகமே கரையை இல்லையாக்கிற்று.

மணல் குவிந்தவிடத்தும் அமைதி நிலைக்கவில்லை. 1985-ஆம் வருஷம் மெரீனாக் கரையை அழகுபடுத்தும் பொருட்டு மரங்களையும் வலைகளையும் அகற்ற அரசாங்கத்தார் முற்பட்டபோது குப்பத்தார் எதிர்த்து நின்றனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்களும் போயின. கரையிற் கிடக்கும் மரம் பார்ப்பார் கண்ணுக்குக் குப்பையாய்த் தோன்றலாம். அது நாளை விடியலில் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிக்கவேண்டிய கருவி என்பதை அறிந்தவர் அதனைக் குப்பையென்னார்.

நாம் செய்யத்தக்கது

நஞ்சைக்குப் பட்டா உண்டு. மனைக்குப் பட்டா உண்டு. மரம் அவிழ்த்து உலர்த்தும் மணலுக்குத் தனிமனிதன் பெயரிற் பட்டா இல்லை. இருத்தலும் ஆகாது, அஃது ஊர்ப்பொது. 1991-இல் முதன்முதல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வெளிவந்தது. 2011-இல் வந்த அறிவிக்கையில், மீனவர் ஊர்களும் அவர்தம் பொதுவுடைமைகளும் கடற்கரை மேலாண்மைப் படங்களிற் குறிக்கப்படல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அதன்பின் 2019-இல் புதிய அறிவிக்கை வந்தது. படத்திற் குறிக்கப்படாத இடம் வெற்றிடமென்றே கருதப்படும். ஆகவே ஒவ்வோர் ஊர் நாட்டாரும் தம் ஊர்க் கரையிலே கலம் ஏறும் வழி யாது, கலம் கிடக்கும் மேடு யாது, வலை உலரும் இடம் யாது, எத்திங்களில் எவ்வளவு அகலம் வேண்டும் என்பவற்றை அளந்து எழுதிக் கையொப்பமிட்டு வைத்தல் வேண்டும். அரசாங்கப் படத்தோடு அதனை ஒப்பிட்டுக் குறையிருப்பின் உரிய காலத்தில் முறையிடல் வேண்டும்.

பிறிதொன்று. கட்டுமரம் கட்டவும் அவிழ்க்கவும் வல்ல முதியோர் இன்னும் நம்மூர்களில் உளர். முடிச்சின் வகை, மரத்தின் செதுக்கு, படுகட்டையின் இடைவெளி ஆகியவற்றை அவர் சொல்லச்சொல்ல இளைஞர் எழுதி வைப்பாராக. பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் சிறுமாதிரிகள் செய்து பழகுவாராக. பொறியியல் கற்கும் நம் மாணாக்கர், ஒருவர் இருவரே இழுக்கத்தக்க எளிய வண்டியை ஊர்தோறும் செய்து காட்டுவாராக. டிராக்டர்க் கூலி கொடுக்கமாட்டாத சிறுகலத்தார்க்கு அது பேருதவியாகும்.

கடலை எவரும் கொண்டுபோய்விட முடியாது என்று நாம் எண்ணியிருக்கின்றோம். அது மெய்யாயினும், கடலுக்குச் செல்லும் இருபது முழ மணலைக் கொண்டுபோய்விட்டால் கடலிருந்தும் பயனில்லை. நம் முன்னோர் பனங்கட்டையாலும் கயிற்றாலும் காத்துத் தந்த அம்மணலை, நாம் எழுத்தாலும் ஒற்றுமையாலும் காத்து நம் மக்களுக்குத் தருவோமாக.